அச்சும் பாரமும்

பாரம் எவ்வளவு என்று கேட்பார் பலர். அப்பாரத்தைத் தாங்கும் அச்சு எத்தனை என்று கேட்பார் மிகச் சிலரே. இவ்விரண்டனுள் பின்னதே முதன்மையான கேள்வி என்பது நம் கருத்து. இக்கருத்து நமக்கு நூலகத்தில் தோன்றியதன்று; மாணவர் பலர் ஓய்வு நேரங்களில் ஆடும் ஒரு கணினி விளையாட்டினின்றும் தோன்றியது. விளையாட்டில் ஆராய்ச்சிக்கு என்ன உண்டு எனப் பெரியோர் நகைத்தல் கூடும். அன்னார் சற்றுப் பொறுத்துக் கேட்குமாறு வேண்டுகிறோம்.

செக் நாட்டைச் சார்ந்த நிறுவனம் ஒன்று 2012-ம் ஆண்டில் 'யூரோ டிரக் சிமுலேட்டர் 2' என்னும் லாரியோட்டும் விளையாட்டை வெளியிட்டது. 2018-ம் ஆண்டு முதல் அதனை ஆடுவோர் தமக்கெனவே டிரெய்லர் வாங்கிக்கொள்ளலாம். வாங்குங்கால் அச்சு ஒன்றோ, இரண்டோ, மூன்றோ எனத் தெரிந்தெடுத்தல் வேண்டும். ஓரச்சு வண்டி நெருக்கமான நகரத் தெருக்களில் எளிதில் திரும்பும். ஆயின் அது சுமப்பது சிறிது. மூவச்சு வண்டி பெரும்பாரம் தாங்கும். ஆயின் வளைவுகளில் அதன் டயர்கள் தரையைத் தேய்த்துக்கொண்டே திரும்பும். ஆகவே, சரக்கு யாது, செல்லும் வழி யாது, இறக்கும் இடம் யாது என்னும் மூன்றனையும் ஒருங்கே எண்ணிய பின்னரே அச்சைத் தேர்தல் வேண்டும். ஆடுவோர்க்கு இவ்வாறு முன்னெண்ணிச் செயலாற்றும் பழக்கம் உண்டாதலின், இவ்விளையாட்டை வீண்பொழுதென்று நாம் தள்ளோம்.

நிற்க. அவ்விளையாட்டில் ஒரு குறையுண்டு. ஆயிரம் முறை பெரும்பாரத்தோடு சென்று மீளினும் அங்குள்ள சாலை சிறிதும் குழிவதில்லை. அச்சைத் தேர்பவன் தன் வருவாயை மட்டும் எண்ணினால் அங்கே போதும். நெரவியில் அது போதாது.

அரசலாறு கடலொடு கலக்கும் காரைக்காலை அடுத்தது நம் நெரவி. எண்ணெய், இயற்கை எரிவாயுக் கழகத்தின் காவிரிப் படுகைப் பணிகளுக்குரிய அலுவலகம் இங்குள்ளது. காரைக்கால் துறைமுகமோ 2009-ம் ஆண்டு முதல் இயங்கி வருகின்றது. எனவே, நெல் வண்டி சென்ற இந்நாட்டில் இரும்பும் நிலக்கரியும் துளையிடு கருவிகளும் ஏற்றிய லாரிகள் செல்வது இயல்பாயிற்று. நிலமோ ஆற்று வண்டல். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறி நெகிழ்வது. எவரையும் சுட்டிக் குறைகூறுதல் நம் நோக்கமன்று. இத்தகைய நிலத்தில் அச்சைப்பற்றிய எண்ணம் ஏனைய இடங்களினும் மிகுதியாக வேண்டப்படும் என்பதே நாம் கூறுவது.

தமிழ் நூல்களுக்கு அச்சு புதிய பொருளன்று. மயிலிறகேயாயினும் அளவிறந்து ஏற்றின் வண்டியின் அச்சு முறியும் என்னும் உண்மையை வலியறிதல் என்னும் அதிகாரத்தில் வைத்தார் திருவள்ளுவர். உப்பு வாணிகராகிய உமணர், வழியில் நேரக்கூடிய இடரை எண்ணி, வண்டியின் அடியில் சேம அச்சு ஒன்று கட்டிச் சென்றமை புறநானூற்றால் விளங்கும். அக்காலத்தில் பாரம் மிகுந்தால் முறிந்தது வண்டிக்காரனுடைய அச்சு, இழப்பும் அவனுடையதே. இக்காலத்து எஃகு அச்சு எளிதில் முறிவதில்லை, முறிவது சாலை. இலாபம் ஏற்றியவர்க்கும் இழப்பு ஊரார்க்கும் ஆகின்றது. வள்ளுவர் காலத்தில் வண்டியே கற்பித்த பாடத்தை இன்று சட்டம் கற்பிக்க வேண்டியதாயிற்று.

அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை லாரிகளை இடையறாது ஓட்டிச் சாலைகளைச் சோதித்தனர். ஓர் அச்சின்மேல் உள்ள பாரம் இருமடங்கானால் சாலைக்கு நேரும் கேடு ஏறத்தாழ 16 மடங்காகும் என்பது அச்சோதனையால் பெற்ற பயன். நம் நாட்டில் 2018-ம் ஆண்டு ஜூலைத் திங்களில் வெளிவந்த அறிவிப்பின்படி, டிரெய்லரின் இரண்டச்சுத் தொகுதி 21 டன்னும், மூவச்சுத் தொகுதி 27 டன்னும் தாங்கலாம். மூவச்சுக்குரிய 27 டன்னை இரண்டச்சின்மேல் ஏற்றுவோமாயின், அச்சொன்றுக்கு 9 டன்னாக இருந்தது பதின்மூன்றரை டன்னாகும். பாரம் ஒன்றரை மடங்கே. ஒவ்வோர் அச்சும் செய்யும் கேடோ ஐந்து மடங்கு. ஓர் அச்சு குறைந்ததைக் கழித்துப் பார்ப்பினும் மொத்தக் கேடு மூன்று மடங்கிற்கு மேற்படும். சரக்கில் ஒரு மூட்டையும் கூடவில்லை; அச்சொன்று குறைந்ததே காரணம்.

இதற்குத் தண்டனை இல்லையா எனின், உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ம் பிரிவு, 2019-ம் ஆண்டில் திருத்தப்பெற்றவாறு, மிகை பாரத்திற்கு 20,000 ரூபாயும், மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் தண்டம் விதிக்கின்றது. ஓட்டியவரை மட்டுமன்றி, ஓட்டச் செய்தவரையும் ஓட்ட விடுத்தவரையும் அப்பிரிவு பற்றும். ஆயினும் நடுவழியில் வண்டி நிறுத்தப்படுங்கால் அங்கே நிற்பவர் ஓட்டுநர் ஒருவரே. அச்சைத் தேர்ந்தவர் அவரல்லர். பாரத்தை அளந்தவரும் அவரல்லர். ஆதலின், ஏற்றுமிடத்திலேயே எடைமேடையில் நிறுத்தி, மொத்த எடையோடு அச்சுத் தொகுதியின் எடையையும் பார்த்த பின்னரே வண்டியை வெளியே விடுதல் நேரிது.

மற்றொன்றும் உளது. தேசிய நெடுஞ்சாலைகளில் சுங்கக் கட்டணம் அச்சின் எண்ணிக்கையால் வகுக்கப்படுகின்றது. இரண்டச்சு லாரியினும் மூவச்சு லாரிக்கு மிகுதி. நான்கு முதல் ஆறு அச்சு வரை அதனினும் மிகுதி. ஒரே லாரியை நம்பி வாழும் சிறு முதலாளி, 'அச்சைக் கூட்டினால் விலையும் டயரும் கூடும், சுங்கமும் கூடுமோ?' என்று வினவின், அவ்வினாவில் நியாயம் இல்லாமற் போகவில்லை. சாலையைக் காக்கும் பொருட்டு அச்சைக் கூட்டினவர்க்குக் கட்டணம் கூடுவது முறையன்று. எண்ணப்படவேண்டுவது அச்சொன்றின்மேல் விழும் பாரமே.

ஊர்ப்புறத்துக் குறுகிய வளைவுகளில் பல அச்சு வண்டி திரும்பாதே எனின், மெய்தான். அவ்விடத்துச் சரக்கைச் சிறு வண்டிகளில் பிரித்தேற்றுக. நாகூரினின்றும் காரைக்காலுக்கு இருப்புப்பாதை 2011-ம் ஆண்டில் மீண்டும் திறக்கப்பெற்றது. நிலக்கரி போன்ற பெரும்பாரம் இயன்றவரை அவ்வழிச் செல்க.

நண்பர்காள்! நம்மிற் சிலர் நாளை பொறியாளராவர், சிலர் அலுவலராவர், சிலர் லாரிக்கு உடையவராதலும் கூடும். விளையாட்டில் அச்சைத் தேரக் கற்ற நாம், அங்கே எண்ணாது விடுத்த சாலையையும் இங்கே கணக்கிற் சேர்ப்போமாக. அச்சாலையில் நடந்து பள்ளிக்குச் செல்லும் சிறார்க்கு நாம் செய்யத்தக்க உதவிகளுள் அதுவும் ஒன்றாகும்.