தன் வழக்கில் தானே நீதிபதியா?

ஆயுதம் விற்பவன் தனி முதலாளியானால் அவனைத் தடுக்க அரசாங்கம் உண்டென்று சிலர் ஆறுதல் கூறுவர். அரசாங்கமே முதலாளியானால் தடுப்பவர் யார்?

இஸ்ரேலின் ரபேல் நிறுவனமும் விண்வெளிக் கைத்தொழில் நிறுவனமும் அந்நாட்டு அரசின் உடைமைகள். ஏவுகணைகளை ஆக்கி உலகெங்கும் விற்பவை. 2024 இல் அந்நாடு செய்த ஆயுத ஏற்றுமதி ஒப்பந்தங்கள் ஏறக்குறைய 1,480 கோடி டொலர். அதிற் பாதிக்குச் சற்றுக் குறைவானது ஏவுகணை, றொக்கெட், வான்காப்புச் சாதனங்கள். 2007 ஆம் ஆண்டுச் சட்டப்படி ஏற்றுமதிக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். வழங்குவது யார்? பாதுகாப்பு அமைச்சு! இலாபமும் அரசுக்கு, அனுமதியும் அரசினது. தன் வழக்கில் தானே நீதிபதியாகலாகாது என்பது சட்டம் பயில்வோர்க்கு முதற்பாடமல்லவா?

நீதிமன்றம் உண்டே என்பீர்கள். மியன்மாருக்கு ஆயுதம் விற்பதை நிறுத்தக் கோரி 2017 இல் அந்நாட்டு உயர் நீதிமன்றத்துக்குச் சென்றனர் சிலர். தீர்ப்பு வந்தது, அதனை வெளியிடலாகாதென்ற தடையும் கூடவே வந்தது. மூடிவைத்த தீர்ப்பைத் தீர்ப்பென்று சொல்ல எமக்கு நா எழவில்லை.

எமக்கென்ன என்று கேட்கும் அன்பர்களே! 1996 இல் இலங்கை விமானப்படை பெற்ற கிபிர் விமானங்கள் அதே விமான நிறுவனத்தின் ஆக்கம். வன்னி விவசாயியின் யூரியா மூடையை ஆபத்தான பொருளென்று தடுத்த காலம் அது. கிபிர் இரைச்சல் கேட்டு வயலை விட்டுப் பதுங்குகுழிக்கு ஓடியவனும் அவனே.

அனுமதி வழங்கும் அதிகாரத்தை விற்பவன் கையிலிருந்து பிரிக்குக! இலங்கைக்கு விற்ற கோவைகளைத் திறக்குக!