சஸ்பென்ஸ் அக்கவுண்ட்

கம்ப்யூட்டர் திரை இருண்டு போனால் நம் ஜனங்கள் முதலில் செய்வது மானிட்டரின் மண்டையில் இரண்டு தட்டு. பழைய டி.வி. பெட்டி காலத்துப் பழக்கம். அந்தப் பெட்டிக்குள் எங்கேயாவது சால்டர் விட்டிருக்கும். தட்டினால் கொஞ்ச நேரம் ஒட்டிக்கொள்ளும். இப்போதைய தட்டை மானிட்டரைத் தட்டினால் உள்ளே கண்ணாடிதான் விரியும்.

இரண்டாவதாகச் செய்வது, மெக்கானிக்கைக் கூப்பிடுவது. அவர் வருவார். ஸ்விட்சைப் போடுவார். உதட்டைப் பிதுக்குவார். ''போர்டு போச்சு சார்!''

நான் பி.காம். ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆகாவிட்டால் வித்தியாசத்தை சஸ்பென்ஸ் அக்கவுண்ட் என்று ஒரு தலைப்பில் போட்டு வைக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். தற்காலிகமாகத்தான். அப்புறம் லெட்ஜர் லெட்ஜராகப் போய்த் தப்பைத் தேடிப் பிடித்து அதை மூடியாக வேண்டும். மெக்கானிக்குகளுக்கு மதர்போர்டுதான் சஸ்பென்ஸ் அக்கவுண்ட். ஒரே வித்தியாசம், மூட மாட்டார்கள். பில் போட்டுவிடுவார்கள்.

மாங்காட்டில், காமாட்சி அம்மன் கோயிலுக்குப் போகிற வழியில் ஓர் அக்கா கடை வைத்திருக்கிறார். ஜெராக்ஸ், ஆன்லைன் அப்ளிகேஷன், ஏழெட்டுச் சின்னக் கடைகளுக்கு ஜி.எஸ்.டி. ரிட்டர்ன். ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட நாள், தேதி பதினெட்டு. காலையில் ஸ்விட்சைப் போட்டால் திரை கும்மிருட்டு. மாதாந்திர ஜி.எஸ்.டி.ஆர்-3பி-க்குக் கெடு இருபதாம் தேதி. தாண்டினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் லேட் ஃபீ, 'நில்' ரிட்டர்ன் என்றால் 20, வரி பாக்கிக்கு வட்டி தனி. வேறு கம்ப்யூட்டரில் ஏற்றலாமே என்பீர்கள். ஏற்றலாம்; பில் விவரமெல்லாம் இந்தப் பெட்டிக்குள் அல்லவா இருக்கிறது!

மெக்கானிக் வழக்கம்போல போர்டு போச்சு என்று சொல்லிவிட்டு, ''புது செட்டு எடுத்துக்குங்க மேடம். பழசை எக்ஸ்சேஞ்சுல நானே எடுத்துக்கறேன்'' என்று பெருந்தன்மையும் காட்டியிருக்கிறார். அந்தப் பழசின் ஹார்டு டிஸ்க்கில் சுற்றுவட்டாரத்து ஆதார் கார்டும் பாஸ்புக்கும் பாதி குடியிருக்கிறது. எனக்குப் பகீரென்றது.

''தம்பி, ஒரு தடவை பாரேன்'' என்றார் அக்கா.

''ஒயரைக் கழட்டிட்டு மானிட்டரை மட்டும் போடுங்கக்கா.''

போட்டார். 'நோ சிக்னல்' என்று ஒரு பெட்டி திரையில் மிதந்தது. செத்தவன் பேச மாட்டான். ஆக, மானிட்டர் பெயரைக் கணக்கிலிருந்து அடித்தாயிற்று.

அடுத்து கேபிள். அவருடையது நீலத் தலை வி.ஜி.ஏ. ஐ.பி.எம். 1987-ல் கொண்டுவந்த சமாசாரம், இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. மூன்று வரிசை, வரிசைக்கு ஐந்து, ஆகப் பதினைந்து பின். பல கேபிள்களில் ஒன்பதாவது பின் இருக்காது. அதைப் பார்த்து 'பின் உடைஞ்சிருக்கு' என்று புது கேபிளை உங்கள் தலையில் கட்டுகிறவர்கள் உண்டு. அது இல்லாமலே படம் தெரியும். வளைந்த பின்தான் வில்லன். அக்காவின் கேபிளில் வளைவு இல்லை. (பெட்டியில் தனியாக கிராஃபிக்ஸ் கார்டு போட்டிருந்தால் ஒயரை அதில்தான் செருக வேண்டும். மதர்போர்டில் செருகிவிட்டு மணிக்கணக்காக இருட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்த ஆபீசர் ஒருவரை எனக்குத் தெரியும்.)

பிறகு, கீபோர்டில் நம் லாக். அழுத்தினால் அதன் குட்டி விளக்கு எரிந்து அணைய வேண்டும். அப்படியானால் கம்ப்யூட்டர் உள்ளே வேலை செய்கிறது, முகம் மட்டும் காட்டவில்லை என்று அர்த்தம். இங்கே விளக்கு அசையவில்லை. ஃபேன் மட்டும் சுற்றியது. கூடவே பெட்டி நீளமாக, விட்டு விட்டு 'பீ...ப், பீ...ப்' என்று அழுதது.

''காலையிலேர்ந்து இப்படித்தான் கத்துது. வைரஸ்னு சொன்னாரு.''

வைரஸ் அல்ல. 1981-ல் வந்த முதல் ஐ.பி.எம். பி.சி-யிலிருந்தே கம்ப்யூட்டருக்கு இந்தப் பழக்கம் உண்டு. ஸ்விட்ச் போட்டதும் தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும்; திரை வருவதற்கு முன்பே கோளாறு என்றால் வேறு எப்படிச் சொல்லும், கத்தித்தான் சொல்லும். ஒரு நீளம் இரண்டு குட்டை என்றால் அந்த ஐ.பி.எம்-மில் டிஸ்ப்ளே தகராறு. கம்பெனிக்குக் கம்பெனி பாஷை மாறும். நீளமாக விட்டு விட்டு வந்தால் பெரும்பாலும் மெமரி.

ப்ளக்கைப் பிடுங்கினோம். பெட்டியின் இரும்பைத் தொட்டு உடம்பிலிருக்கும் ஸ்டேட்டிக் கரண்ட்டை இறக்கிவிட்டு, ராம் பலகையை உருவினேன். தங்க முலாம் பூசிய பல்வரிசை, வெற்றிலை போட்ட பல் மாதிரி கறுத்திருந்தது. அக்காவின் பெண்ணுடைய ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து பென்சில் ரப்பர் வாங்கி மெதுவாகத் தேய்த்து, துகளைத் துடைத்து, இரண்டு பக்கமும் 'டிக்' கேட்கிற வரை அமுக்கினேன். மாங்காட்டு அம்மனுக்கு ஆறு வாரம் எலுமிச்சம்பழம் கொண்டு வந்து வேண்டிக்கொள்வார்கள். இதற்கு ஆறு நிமிஷம் பிடித்தது.

திரை வந்தது. அக்கா ஒன்றும் பேசவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பில் கட்டைப் பிரித்தார்.

எல்லா இருட்டும் ரப்பருக்கு மசியாது. 'நோ சிக்னல்' கூட வராமல் மானிட்டரே மௌனமாக இருந்தால் அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைத் திரையில் சாய்த்து அடித்துப் பாருங்கள். படம் மங்கலாகத் தெரிந்தால் பின்னால் இருக்கும் பேக்லைட்தான் போயிருக்கிறது. 2000-க்குப் பிந்தைய சில வருஷங்களில் வந்த மானிட்டர்களில் பவர் போர்டு கபாசிட்டர்கள் தலை உப்பி நிற்பது சகஜம். மாற்ற ஆகும் கூலி புது மானிட்டர் விலைக்குப் பக்கத்தில்கூட வராது, தெரிந்தவரிடம் கொடுங்கள். பரணில் பழைய குண்டு மானிட்டர் இருந்தால் மட்டும் வீரம் காட்டாதீர்கள். ப்ளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ளே ஆயிரக்கணக்கான வோல்ட் காத்துக்கொண்டிருக்கும்.

நிஜமாகவே போர்டு போய்விட்டதா, பெட்டியைக் கொடுத்துவிடுங்கள். அதற்கு முன்னால் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி பீரோவில் வையுங்கள். பெரும்பாலும் நாலே ஸ்க்ரூ. ஸ்க்ரூ டிரைவர் இல்லையென்றால் பக்கத்து சைக்கிள் கடையில் கேளுங்கள், கொடுப்பார்.