போட்டி நடத்தும் நாடும் குறை சொல்லும் நாவும்: இரண்டு அளவுகோல் வேண்டாம்

 

2030ஆம் ஆண்டின் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகளை நடத்தும் வாய்ப்பு அகமதாபாத் நகருக்கு 2025 நவம்பரில் வழங்கப்பட்டது. 2036 ஒலிம்பிக் போட்டியை நடத்த விரும்புவதாகவும் நம் நாடு 2024 அக்டோபரிலேயே சர்வதேச ஒலிம்பிக் குழுவிடம் கடிதம் அளித்துள்ளது. அச்செய்தி வந்த வாரத்தில், நத்தத்தில் மாலை வகுப்பு முடிந்ததும் மாணவர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "ஹஜ்ரத், இதற்கு இவ்வளவு செலவு தேவையா என்று ஒருவர் எழுதியிருந்தார். எல்லோரும் அவரைத் தேசத் துரோகி என்று ஏசுகிறார்கள். கேள்வி கேட்டது குற்றமா?"

அவருக்குச் சொன்ன பதிலையே இங்கே சற்று விரித்து எழுதுகிறேன்.

பிறந்த மண்ணை நேசிப்பது இயல்பு. மக்காவை விட்டுப் புறப்பட்டபோது நபி (ஸல்) அவர்கள் அவ்வூரைத் திரும்பிப் பார்த்து வருந்தியதை நாம் அறிவோம். வந்த விருந்தினரைக் கண்ணியப்படுத்துவதோ ஈமானுடன் இணைத்துச் சொல்லப்பட்ட பண்பு. ஆகவே, உலகத்தார் நம் நாட்டுக்கு விளையாட வருவதில் மகிழ்ச்சி கொள்வதை மார்க்கம் தடுக்கவில்லை. அந்த மகிழ்ச்சிக்காக அநீதியைக் காணாதிருக்க வேண்டும் என்று கோருவதைத்தான் அது தடுக்கிறது. அநீதி இழைக்கும் சகோதரனுக்கும் உதவுமாறு நபி (ஸல்) அவர்கள் கூறியபோது, அது எவ்வாறு என்று தோழர்கள் வியந்து கேட்டனர். அநீதியிலிருந்து அவனைத் தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என்பது அவர்கள் தந்த விளக்கம். சகோதரனுக்குப் பொருந்துவது நாட்டுக்கும் பொருந்தும்.

தலைநகரில் நடந்தவை

1982 நவம்பரில் டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. அதற்கான கட்டுமானங்களில் உழைத்தோருக்கு அன்றைய குறைந்தபட்ச நாட்கூலி 9 ரூபாய் 25 காசு. அதிலும் ஒரு ரூபாயை இடைத்தரகர்கள் பிடித்துக்கொண்டனர். மனித உரிமை அமைப்பொன்று இதை உச்ச நீதிமன்றத்துக்குக் கடிதமாக எழுதியது. அக்கடிதமே மனுவாக ஏற்கப்பட்டது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்பே என்று, போட்டி தொடங்க இரண்டு மாதங்கள் இருக்கையில் நீதிபதி பகவதி தீர்ப்பளித்தார். வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கக் கட்டளையிட்ட மார்க்கத்தைப் பின்பற்றும் நாம், அன்று நாட்டுக்கு நன்மை செய்தவர் யார் என்று சிந்திக்க வேண்டும். கடிதம் எழுதியவரா, கூலியைப் பிடித்தவரா?

2010 அக்டோபரில் அதே டெல்லியில் காமன்வெல்த் போட்டி. தொடங்குவதற்குப் பன்னிரண்டு நாள் முன்பு பிரதான அரங்கின் அருகே நடைமேம்பாலம் இடிந்து இருபதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் காயமுற்றனர். வீரர்கள் தங்கும் அறைகளின் அசுத்தத்தை வெளிநாட்டு ஊடகங்கள் படங்களுடன் வெளியிட்டன. அமைப்புக் குழுவின் நிர்வாகி ஒருவரோ, சுத்தம் பற்றிய அளவு அவர்களுக்கு வேறு, நமக்கு வேறு என்றார். சுத்தத்தை ஈமானின் ஒரு பகுதியாகப் படித்த நமக்கு இதைவிட அவமானம் வேறென்ன? நம் வீரர்கள் 38 தங்கத்துடன் 101 பதக்கங்கள் வென்று நாட்டின் பெயரைக் காத்தனர். நிர்வாகத்தின் முறைகேடுகளைப் பட்டியலிட்டது வெளிநாட்டுப் பத்திரிகை மட்டுமன்று. 2011இல் நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்பட்ட நம் தலைமைத் தணிக்கையாளரின் அறிக்கையும்தான்.

நம் பக்கத்துக் குறை

இதுவரை படித்துத் தலையாட்டிய சகோதரர்களிடம் ஒரு கேள்வி. 2022இல் கத்தார் உலகக்கோப்பை கால்பந்துப் போட்டியை நடத்தியபோது நாம் என்ன செய்தோம்? தொழிலாளர் மரணங்களைப் பற்றி எழுதிய அனைவரையும் இஸ்லாத்தின் எதிரிகள் என்றோம். நம் வாட்ஸ்அப் குழுக்களில் வந்த பதிவுகள் இதற்குச் சாட்சி.

அந்த ஊடகங்களிடம் பாரபட்சம் இருந்தது உண்மை. 2021இல் 'கார்டியன்' நாளேடு வெளியிட்ட 6,500 என்ற எண், பத்தாண்டுகளில் அங்கு இறந்த தெற்காசியத் தொழிலாளர் அனைவரையும் குறித்தது. பலர் அதை மைதானம் கட்டும்போது இறந்தவர்களின் எண்ணிக்கை என்றே பரப்பினர். செய்தியைத் தீர விசாரிக்கச் சொல்லும் குர்ஆனின் கட்டளை குறை சொல்பவருக்கும் உரியது. ஆனால் போட்டி தொடர்பான பணிகளில் 400 முதல் 500 பேர் வரை இறந்திருக்கலாம் என்று அந்நாட்டு ஏற்பாட்டுக் குழுவின் தலைமை நிர்வாகியே பின்னர் தொலைக்காட்சிப் பேட்டியில் கூறினார். அந்நாட்டில் உழைப்போரில் நம் அத்தாமார்களும் அண்ணன் தம்பிகளும் உண்டு. விமர்சனம் வலுத்த ஆண்டுகளில்தான், முதலாளியின் அனுமதியின்றி வேலை மாறும் உரிமையும், மாதம் 1,000 ரியால் குறைந்தபட்ச ஊதியமும் அங்கே சட்டமாயின. பலன் பெற்றவர்கள் நம்மவர்கள். ஏச்சு வாங்கியவர்கள் எழுதியவர்கள்.

டெல்லி என்றால் நீதி, தோஹா என்றால் மௌனம் என்பது, வாங்கும்போது நிறைத்தும் கொடுக்கும்போது குறைத்தும் அளப்போருக்குக் கேடு என எச்சரிக்கும் 'அல்முதஃப்பிஃபீன்' அத்தியாயம் கண்டிக்கும் அளவையே ஆகும். நமக்கோ பெற்றோருக்கோ பாதகமாயினும் நீதிக்குச் சாட்சி சொல்லுமாறு கட்டளையிடப்பட்டவர்கள் நாம்.

நத்தத்தில் சட்டை தைக்கும் தொழில் நம்மில் பலருக்குத் தெரியும். தையல் பிரிந்த சட்டையையும் மடித்துப் பெட்டியில் அடுக்கினால் பார்வைக்குப் புதிதாகவே இருக்கும். அதைப் பிரித்துப் பார்த்துத் திருப்பி அனுப்பும் செக்கிங் ஆளைத் தொழிலின் பகைவன் என்று எந்த முதலாளியும் விரட்டுவதில்லை. 2020இல் அமெரிக்க அதிபர் வருகைக்கு முன் அகமதாபாத்தில் குடிசைப் பகுதியை ஒட்டிச் சுவர் எழுப்பினார்கள். ஆக்கிரமிப்பைத் தடுக்கவே என்றது மாநகராட்சி. நம்மை மறைக்கவே என்றனர் உள்ளே வசித்தவர்கள். 2030இல் அந்நகருக்கு விருந்தினர் வருவர். அப்போது அங்கு உழைப்பவருக்கு முழுக்கூலி கிடைத்ததா, குடியிருப்பவர் விரட்டப்படாமல் இருந்தாரா என்று கேட்பவரை உங்கள் பிள்ளைகள் துரோகி என்று ஏசினால், அன்றைக்கே திருத்துங்கள். கேட்டது கத்தாரைப் பற்றியதாயினும் அவ்வாறே திருத்துங்கள்.

தனக்கு வேண்டியவர், வேண்டாதவர் என்று பாராமல் நீதியை நிலைநாட்டுவோராக அல்லாஹ் நம்மையும் நம் சந்ததிகளையும் ஆக்கி அருள்வானாக. ஆமீன்.