ஒன்றும் தெரியாத கருவி

2017 ஜூலை 27 அன்று ஆப்பிள் நிறுவனம் ஐபாட் ஷஃபிளை விற்பனையிலிருந்து எடுத்துவிட்டது. ஓடுகிறவர்களும் நடக்கிறவர்களும் உடம்பில் மாட்டிக்கொள்ள வசதியாக வந்த பாட்டுக் கருவிகளில் அதைப்போல உருப்படியான ஒன்று எனக்குத் தெரிந்து வேறு இல்லை. அன்றைக்கு யாரும் பெரிதாக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. "அதான் போன் இருக்கே" என்றார்கள். இன்றைக்கும் அதையேதான் சொல்கிறார்கள். என் சண்டை அந்த வாக்கியத்தோடுதான்.

முதலில் பொருளைப் பார்ப்போம். 2005 ஜனவரியில் வந்த முதல் ஷஃபிளின் எடை 22 கிராம். 99 டாலர் மாடலில் சுமார் 120 பாட்டு கொள்ளும். திரை கிடையாது. அடுத்த ஆண்டு வந்தது சுமார் 15 கிராம்தான், முதுகில் ஒரு கிளிப். சட்டை ஓரத்தில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம். 2009-இல் பொத்தான்களைப் பிடுங்கி இயர்போன் கம்பியில் கொண்டுபோய் வைத்தார்கள். வியர்த்த விரலால் கம்பியைத் துழாவிக்கொண்டு யாரால் ஓட முடியும்? அடுத்த ஆண்டே பொத்தான்கள் பழைய இடத்துக்குத் திரும்பின. கண்ணால் பார்க்காமல், விரல் தடவலிலேயே இயக்கக்கூடிய கருவிதான் அசைகிற உடம்புக்கு வேண்டும் என்று செய்தவர்களுக்கே அப்போது புரிந்திருந்தது.

இன்று கடையில் கிடைக்கும் போன்களில் பெரும்பாலானவை 170 கிராமைத் தாண்டும். அதைப் புஜத்தில் பட்டை போட்டுக் கட்டிக்கொண்டு, பாட்டை மாற்ற கழுத்தைத் திருப்பி, ஈர விரலால் கண்ணாடியைத் தேய்த்துத் தேய்த்து ஓடுகிறோம். இதற்குப் பெயர் முன்னேற்றமாம்.

எடைகூடப் போகட்டும். ஷஃபிளுக்கு வைஃபை கிடையாது, புளூடூத் கிடையாது, ஜிபிஎஸ் கிடையாது. நான் எந்தத் தெருவில் ஓடினேன், எங்கே மூச்சிரைத்து நின்றேன், எந்த டீக்கடையில் ஒதுங்கினேன் என்று அதற்கு ஒன்றுமே தெரியாது. அந்த அறியாமைதான் அதன் பெரிய குணம். அது செத்த நான்கு மாதத்தில், 2017 நவம்பரில், ஸ்ட்ராவா என்ற செயலி தன் பயனர்கள் ஓடிய பாதைகளையெல்லாம் ஒளிக்கோடுகளாக்கி உலக வரைபடம் ஒன்றை வெளியிட்டது. 2018 ஜனவரியில் ஆஸ்திரேலிய மாணவர் ஒருவர் அதில் கவனித்துச் சொன்னார்: ஆப்கானிஸ்தானிலும் சிரியாவிலும் இருட்டுக்கு நடுவே ராணுவ முகாம்களின் வடிவம் பளிச்சென்று தெரிகிறது! காலையில் ஓடிய சிப்பாய்கள் தங்கள் முகாமைத் தாங்களே வரைந்து கொடுத்திருந்தார்கள்.

"நாம ஓடுறதுல என்ன சார் ராணுவ ரகசியம்?" என்று கேட்பீர்கள். ஒரு பெண் தினமும் எத்தனை மணிக்கு, எந்த வாசலிலிருந்து கிளம்பி, ஆளில்லாத எந்தச் சாலை வழியாகத் திரும்பி வருகிறாள் என்பது ரகசியமில்லையா? அதைத் தெரிந்து வைத்திருக்க ஒரு பாட்டுக் கருவிக்கு என்ன அவசியம்?

"ஏரோப்ளேன் மோடில் போட்டுக்கொள்ளலாமே" என்பது அடுத்த வாதம். போடலாம். போட்டவர்களைக் காட்டுங்கள். காலை ஆறேகாலுக்கு அலுவலகக் குழுவில் ஒரு செய்தி டிங்கென்று விழுந்தால் கால் தானாகத் தயங்குகிறது. 1979 ஜூலையில் சோனி முதல் வாக்மேனை விற்றபோது அதில் இரண்டு இயர்போன் துளைகள் இருந்தன. கூடவே பாட்டைத் தணித்துப் பக்கத்தில் இருப்பவர் பேச்சைக் கேட்க ஒரு பொத்தான். பக்கத்து மனிதரிடமிருந்து நாம் துண்டிக்கப்பட்டுவிடுவோமோ என்று அன்றைக்குக் கவலைப்பட்டார்கள். நம் தொல்லை வேறு மாதிரி. எங்கோ இருப்பவர்களெல்லாம் நாம் ஓடும்போதும் விடாமல் கூடவே வருகிறார்கள்.

இன்னொரு கட்சி இருக்கிறது. பாட்டே கூடாது, மூச்சையும் காலடியையும் கேட்டு ஓடுவதுதான் ஓட்டம் என்பார்கள். அவர்களுக்கு ஒரு தகவல். ஹைலே கெப்ரசெலாசி 1998-இல் பர்மிங்காமில் 2000 மீட்டர் உள்ளரங்க உலக சாதனையை ஓடி முடித்தபோது அரங்கில் 'ஸ்கேட்மேன்' பாட்டு ஒலித்துக்கொண்டிருந்தது. அவருக்கே பாட்டு ஆகிவந்தது என்றால் தொந்தியைக் குறைக்க ஓடும் எனக்கு ஆகாதா?

ஷஃபிளின் ருசி வேறு. முதல் நாள் ராத்திரியே உட்கார்ந்து நூற்றிருபது பாட்டைப் பொறுக்க வேண்டும். மறுநாள் எது வரும் என்று தெரியாது, பெயர் காட்டத் திரையும் இல்லை. முன்னிசையில் புல்லாங்குழல் எடுத்த இரண்டாவது நொடியில் "அட, இதுவா!" என்று கண்டுபிடிக்கும்போது ஏற்றம் ஏறியதே தெரியாது. அந்தப் பாட்டுகள் என்னுடையவை. மாதச் சந்தா கட்டாவிட்டால் மறைந்துபோகிறவை அல்ல.

ஏன் நிறுத்தினார்கள்? என் கணக்கு எளிது. ஒருமுறை விற்றால் வேலை முடிந்துபோகும் பொருளில் மாத வாடகை கிடையாது. மற்றபடி அதன் தேவை ஒழிந்துவிடவில்லை என்பதற்கு நீச்சல்காரர்களே சாட்சி. புளூடூத் அலை தண்ணீருக்குள் ஓரிரு சாண்கூடத் தாண்டாது. அதனால் நீச்சலுக்கான இயர்போன்களில் இன்றும் பாட்டை உள்ளேயே சேமித்து வைக்கிறார்கள். போன் பின்தொடர முடியாத இடத்தில் பழைய யோசனை சௌக்கியமாக உயிரோடு இருக்கிறது. தரையில் ஓடுகிறவன் மட்டும் என்ன பாவம் செய்தான்?

நான் கேட்பது அதிகமில்லை. நாலு ஜிபி நினைவகம், ஒரு கிளிப், ஐந்து பொத்தான், இயர்போன் துளை, கழற்றி மாற்றக்கூடிய பேட்டரி. ஷஃபிளில்கூட அந்தக் கடைசி வசதி இல்லை. பேட்டரி போனால் கருவியும் போச்சு. பெரிய நிறுவனங்கள் செய்யட்டும், செய்யாமல் போகட்டும். கிளிப் வைத்த சின்ன எம்பி3 பிளேயர்கள் இப்போதும் கிடைக்கின்றன. ஒன்று வாங்கி, இருபது பாட்டு ஏற்றி, போனை வீட்டு மேஜைமேல் வைத்துவிட்டு ஒரே ஒரு வாரம் ஓடிப் பாருங்கள். அதற்கப்புறமும் "அதான் போன் இருக்கே" என்று சொன்னால், வாங்க, பேசிக்கொள்ளலாம்.