சம்பா நாற்று எப்போது விடலாம்?

கேள்வி: ஏரிப் பாசனத்தில் ஒன்றரை ஏக்கர் வைத்திருக்கிறேன். ஆடி கடைசியில் நாற்று விட்டு சம்பா நடுகிறேன். இரண்டு வருடமாகப் பூக்கும்போதும் மழை, அறுக்கும்போதும் மழை. பதர் அதிகம், ஈரம் என்று விலையையும் குறைக்கிறார்கள். நாற்று விடுவதைத் தள்ளிப் போடலாமா?
- வாசகர், திருமழிசை

பதில்: தள்ளிப் போடலாம். எத்தனை நாள் என்பதை ரகத்தின் வயதுதான் சொல்ல வேண்டும்.

'ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை' என்பது நம் பக்கத்துக்கு அப்படியே பொருந்தும். ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் வந்துவிடுகிறது; அதிலும் நவம்பர்தான் உச்சம். டிசம்பரில் மழை நாட்கள் குறையும், ஆனால் ஒரு புயல் போதும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் கரை கடந்தது ஆந்திராவின் பாபட்லா அருகே. வெள்ளம் வந்தது நமக்கு. ஜனவரியில் சராசரி மழை சொற்பம். 2021 ஜனவரியில் டெல்டா சம்பாவைச் சாய்த்தது போல எப்போதாவது பெய்யும்.

திரூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தின் டி.கே.எம். 13 ரகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வயது 130 நாள். அறுவடைக்கு ஒரு மாதம் முன்பு பூக்கும். ஆகஸ்ட் 15-ல் விதைத்தால் நவம்பர் 20-ஐ ஒட்டிப் பூக்கும். நெல் பூ காலை 9 மணி முதல் நண்பகல் வரைதான் மலரும். அந்த நேரத்தில் அடைமழை பிடித்தால் பதர்தான். அறுவடையும் டிசம்பர் கடைசியில் ஈரத்தில் மாட்டும். செப்டம்பர் 15-ல் விதைத்தால் பூப்பு டிசம்பர் 20-ஐ ஒட்டி, அறுவடை பொங்கல் கழிந்து ஒரு வாரத்தில்.

செப்டம்பர் 20-ஐத் தாண்ட வேண்டாம். தாண்டினால் இளம் பயிர் நவம்பர் வெள்ளத்தில் மூழ்கும். உங்கள் நிலம் தண்ணீர் தேங்கும் பள்ளமா? அப்படியானால் தள்ளிப் போடவே வேண்டாம். சி.ஆர். 1009 சப்-1 ரகத்தை ஆகஸ்டிலேயே நாற்று விடுங்கள். சில நாள் மூழ்கினாலும் தாங்கும். 155 நாள் வயது என்பதால் அறுவடையும் பொங்கலை ஒட்டித்தான் வரும்.

இதில் ஒரு நஷ்டமும் உண்டு: நவரை தள்ளிப் போகும். ஏரியிலோ கிணற்றிலோ மே வரை தண்ணீர் நிற்கும் என்றால் கோ 51 போன்ற 105 நாள் ரகத்துக்கு ஜனவரி தொடக்கத்திலேயே நாற்று விடுங்கள். சந்தேகம் என்றால் சம்பா அறுவடைக்கு 7 முதல் 10 நாள் முன்பு, மெழுகுப் பதத்தில் உளுந்து தெளித்துவிடுங்கள்.

பயிர்க் காப்பீட்டை மறக்க வேண்டாம். சம்பாவுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். கடைசி நாள் பெரும்பாலும் நவம்பர் நடுவில் வரும். அறுத்து வயலில் காயப்போட்ட நெல் 14 நாளுக்குள் பருவம் தவறிய மழையில் கெட்டால் 72 மணி நேரத்துக்குள் தகவல் கொடுக்க வேண்டும்.

கேள்வி: செய்தியில் சொல்லும் சென்னை மழை அளவை எங்கள் வயலுக்கும் எடுத்துக்கொள்ளலாமா?
- வாசகி, ஆவடி

பதில்: கூடாது, அம்மா. 2015 டிசம்பர் 2 காலை முடிந்த 24 மணி நேரத்தில் நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. வடகிழக்குப் பருவத்தில் மேகம் கடலிலிருந்து பட்டை பட்டையாக வரும். பட்டை விழும் இடத்தில்தான் கொட்டும். பெரும்பாலும் நள்ளிரவு முதல் விடியல் வரை. ஜூன் முதல் செப்டம்பர் வரை கதை வேறு: மேற்கே உள்நாட்டு வெயிலில் இடிமேகம் திரண்டு மாலையில் நம் பக்கம் வரும்.

அதனால் ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி, ஜமீன் கொரட்டூர் என்று பக்கத்து மழைமானி அளவைப் பாருங்கள். வீட்டிலும் அளக்கலாம். அடி தட்டையாக, பக்கம் நேராக உள்ள பாத்திரத்தைத் திறந்த வெளியில் வைத்து, தினமும் காலை 8.30-க்கு அளவுகோலால் அளந்து குறித்துவிட்டுக் கொட்டிவிடுங்கள். 1 செ.மீ. மழை என்றால் ஏக்கருக்கு சுமார் 40,000 லிட்டர். மழை எச்சரிக்கை உள்ள நாளில் மாலையில் யூரியா போடாதீர்கள். விடிவதற்குள் வாய்க்காலில் போய்விடும்.