பொதிகை மலைக்குப் பூட்டு எதற்கு?

தமிழ் பிறந்த மலை, தென்றல் பிறந்த மலை, தாமிரவருணி பிறந்த மலை என்று பொதிகைக்கு மூன்று பெருமைகள் உண்டு. திருநெல்வேலிச் சீமையில் இந்த மூன்றையும் சொல்லத் தெரியாத பள்ளிப் பிள்ளை கிடையாது. ஆனால் அதே சீமைக்காரர் ஒருவர், பங்குனி மாதத்தில் மலையில் பூ பூத்திருக்கும், பட்டாம்பூச்சி பறக்கும், போய்ப் பார்த்து வரலாமே என்று ஆசைப்பட்டு உச்சிவரை ஏற நினைத்தால் என்ன செய்ய வேண்டும்? பாபநாசம் பஸ்ஸில் ஏறிப் பயனில்லை. திருவனந்தபுரத்துக்கு ரயில் ஏற வேண்டும்! அங்கிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் போனக்காடு போய்ச் சேர்ந்து, கேரள வனத்துறையிடம் சீட்டு வாங்கி நடக்க வேண்டும்.

அகத்தியர் கூடம் எனப்படும் அந்த உச்சி 1,868 மீட்டர் உயரம். அதாவது 6,100 அடிக்கு மேல். இரு மாநிலங்களின் எல்லையை ஒட்டி நிற்கிறது. கேரளப் பக்கத்தில் ஆண்டுதோறும் ஜனவரியை ஒட்டிச் சில வாரங்கள் பாதையைத் திறந்து விடுகிறார்கள். நாளுக்கு இத்தனை பேர் என்று எண்ணி அனுப்புகிறார்கள். போய்த் திரும்ப மூன்று நாள். முன்பு பெண்களுக்கு அங்கே அனுமதி இல்லாமல் இருந்தது. 2018-ஆம் ஆண்டு கேரள உயர் நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. 2019 ஜனவரியில் பெண்களும் ஏறினார்கள். தமிழ்நாட்டுப் பக்கத்திலோ உச்சிக்குப் போகும் பழைய தடம் பொது மக்களுக்குத் திறப்பதில்லை.

அங்கும் சரணாலயம்தான், இங்கும் சரணாலயம்தான். அங்கே எண்ணி அனுப்ப முடிகிறது; இங்கே ஏன் முடியவில்லை என்று நெல்லைவாசிகள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் விஷயம் அவ்வளவு சுலபமானதும் அல்ல.

முண்டந்துறை 1962-ஆம் ஆண்டிலேயே புலிகளுக்கான சரணாலயம் ஆயிற்று. களக்காடு 1976-இல் வந்தது. இரண்டையும் சேர்த்து 1988-இல் களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகம் என்றார்கள். தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் அதுவே. அகத்திய மலை 2001-இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டு, 2016-இல் யுனெஸ்கோவின் உலகப் பட்டியலிலும் இடம்பெற்றது. இத்தனை பட்டங்களும் புலிக்காக மட்டும் கிடைத்தவை அல்ல. இந்த மலையில் இருக்கிற பல செடிகொடிகள் உலகத்தில் வேறெங்கும் இல்லை என்பதே முக்கியமான காரணம்.

ஒரு பூவின் கதை

ஓர் உதாரணம் போதும். இந்த மலைத்தொடரில் மட்டும் வளர்கிற ஆர்க்கிட் ஒன்று உண்டு. மஞ்சள் நிறம்; ஒவ்வோர் இதழின் நடுவிலும் பழுப்பு வரி; அடியில் செருப்பின் முன்பகுதியைப் போல ஒரு கிண்ணம். 1865-ஆம் ஆண்டு வாக்கில் வெள்ளைக்காரர்கள் கண்ணில் பட்டது. திருவிதாங்கூரில் இருந்த கர்னல் ட்ரூரியின் பெயரையே அதற்குச் சூட்டினார்கள். அப்போது தொடங்கியது வினை. சீமையிலே ஆர்க்கிட் வளர்ப்பது பிரபுக்களின் பொழுதுபோக்கு. வியாபாரிகள் கிழங்கோடு பெயர்த்துக் கொண்டு போனார்கள். பிறகு நெடுங்காலம் அந்தப் பூவைக் காணவில்லை. அழிந்தே போயிற்று என்று தாவரவியல் நிபுணர்கள் எண்ணினார்கள். 1972-இல் மீண்டும் கண்டுபிடித்தார்கள். இன்று அது அழிவின் விளிம்பில் நிற்கும் இனங்களில் ஒன்று. சர்வதேச வியாபாரத்துக்கும் தடை உண்டு.

ஒரு பூவை நேசித்தவர்களே அதைக் கிட்டத்தட்ட இல்லாமல் செய்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். மலையைப் பூட்டி வைக்க வேண்டும் என்போர் கையில் இருக்கிற வலுவான சாட்சியம் இதுதான்.

பட்டாம்பூச்சியின் சங்கதி இன்னும் நுட்பமானது. 2019-ஆம் ஆண்டு 'தமிழ் மறவன்' என்னும் பூச்சியைத் தமிழக அரசு மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்தது. ஆரஞ்சு நிற இறக்கை, ஓரத்தில் கருநிறக் கரை. கூட்டமாக ஒரே திக்கில் பறக்கும். பெயருக்கு ஏற்ற படைதான். ஆனால் இந்த மறவனின் புழு கண்ட இலையைத் தின்னாது. மரவெட்டி, அதாவது நீரடிமுத்து வகை மரத்தின் இலை வேண்டும். ஒரு காலத்தில் குஷ்டரோகத்துக்கு எண்ணெய் எடுத்தார்களே, அதே மரம். தென்னாட்டின் பெரிய பட்டாம்பூச்சி கறுப்பும் மஞ்சளுமாக, இறக்கை விரித்தால் 15 சென்டிமீட்டருக்கும் மேலாக இருக்கும். அதன் புழுவுக்கோ ஈஸ்வரமூலி இனத்துக் கொடி வேண்டும். கொடியை நாட்டு மருந்துக்கென்று வேரோடு பிடுங்கினால் பூச்சியும் போயிற்று.

மலைச்சாலையில் மோட்டாரில் போகிறவர்கள் ரசிக்கிற பூ பெரும்பாலும் உண்ணிச்செடியின் பூ. மஞ்சளும் சிவப்புமாக அழகாகத்தான் இருக்கிறது. பட்டாம்பூச்சிகளும் அதில் தேன் குடிக்கின்றன. ஆனால் அது அமெரிக்காக் கண்டத்திலிருந்து தோட்ட அழகுக்காக வந்த செடி. நம் பூச்சிகளின் புழுக்களுக்கு அதன் இலை ஆகாது. அது பரவுகிற இடத்தில் நாட்டுச் செடி முளைப்பது கஷ்டம். விருந்தாளிக்கு மோர் கொடுத்துவிட்டு வீட்டுப் பிள்ளையைப் பட்டினி போடுகிற கதை!

இளவேனிலா, தீக்காலமா?

மேல்நாட்டில் வசந்தம் என்றால் பனி உருகிப் புல் முளைக்கும் காலம். பொதிகையில் அப்படி அல்ல. மாசி, பங்குனியில் உள்காட்டிலே வெடிப்பலா மரங்கள் கிளையெல்லாம் பூத்திருக்கும். சிங்கவால் குரங்குகள் அந்தப் பூக்களைத் தேடி வரும். நாங்கு மரத்தின் தளிர் செக்கச் செவேலென்று விடும். ஆற்றோரத்து ஈர மணலில் பட்டாம்பூச்சிகள் கூட்டமாக உட்கார்ந்து உப்புச் சத்தை உறிஞ்சும். இவ்வளவும் நடக்கிற அதே வாரங்களில் கீழ்ச் சரிவுகளில் புல் காய்ந்து சருகாகிக் கிடக்கும். ஒரு பீடித் துண்டு போதும்.

2018 மார்ச் 11-ஆம் தேதி தேனி ஜில்லா குரங்கணியில் நடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. மலையேறிவிட்டு இறங்கிக் கொண்டிருந்த இளம் பெண்களும் ஆண்களும் காட்டுத் தீயில் சிக்கி, 20-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டு போனார்கள். அதன் பிறகே மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் பிறந்தன. 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 மலைப் பாதைகளை முறைப்படி திறந்தது. நெல்லை ஜில்லாவுக்குக் கிடைத்தது காரையாறு மூலிகை வனப் பாதை. 2025-இல் தீக்காலத்தை உத்தேசித்து, பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை இந்தப் பாதைகளை மூடி வைத்தார்கள். ஆக, இளவேனில் உலா என்பது இங்கே சித்திரை பிறந்து, ஒன்றிரண்டு கோடை மழையும் விழுந்த பிறகுதான். அதனால் நஷ்டமில்லை. மழை விழுந்தால் தளிர். தளிர் இருந்தால் புழு. புழு இருந்தால் பூச்சி.

இந்த மூடலைக் குறை சொல்வதற்கில்லை. குறை வேறு இடத்தில் இருக்கிறது.

ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு லட்சக்கணக்கில் ஜனங்கள் கூடுகிறார்கள். தலைமுறை தலைமுறையாக வருகிற குல தெய்வ வழிபாடு. அதைத் தடுக்க யாருக்கும் மனம் வராது, தடுக்கவும் கூடாது. பாபநாசத்திலோ பரிகாரம் என்ற பெயரில் உடுத்திய துணியை ஆற்றிலே விட்டுச் செல்லும் வழக்கம் நிற்கவில்லை. தொண்டர்கள் மூட்டை மூட்டையாக அள்ளிப் போடுகிறார்கள். மறுபடியும் சேருகிறது. காப்பகத்துக்குள்ளே கூட்டமாக வருகிறவருக்கு வழி இருக்கிறது. நோட்டுப் புத்தகமும் கையுமாகப் பத்துப் பேர் பூச்சி பார்க்க வந்தால் நூறு கேள்வி. உள்ளே விடுவதா கூடாதா என்பதல்ல இங்கே பிரச்னை. எப்போது, எத்தனை பேர், யார் துணையுடன் என்பதை எல்லோருக்கும் ஒரே அளவுகோலால் தீர்மானிப்பதுதான் பிரச்னை.

யார் துணையுடன்?

துணைக்கு ஆள் தேட வேண்டியதில்லை. இஞ்சிக்குழியிலும் மயிலாற்றிலும் சேர்வலாற்றிலும் காணிக்காரர்கள் வாழ்கிறார்கள். 1987-இல் கேரளப் பக்கத்தில் ஆராய்ச்சிக்குப் போன விஞ்ஞானிகள் களைத்து விழுந்தபோது, கூட வந்த காணிக்காரர்கள் ஏதோ ஒரு காயைத் தின்றுகொண்டு சலிக்காமல் நடந்தார்களாம். 'ஆரோக்கியப் பச்சை' உலகத்துக்குத் தெரிய வந்தது அப்படித்தான். அதிலிருந்து தயாரித்த மருந்தின் வருமானத்தில் காணிக்காரர்களுக்கும் பங்கு என்ற ஏற்பாடு பல தேசங்களில் பேசப்பட்டது. அத்தகைய ஞானம் உள்ளவர்களுக்கு வழிகாட்டி வேலையும், நியாயமான கூலியும், கூட்டத்தைத் திருப்பி அனுப்பும் அதிகாரமும் கொடுத்தால் காட்டுக்கு அதைவிட நல்ல காவல் ஏது?

இன்னொரு கூட்டமும் இருக்கிறது. மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து, காக்காச்சி, குதிரைவெட்டி என்ற தோட்டங்களில் தலைமுறைகளாகத் தேயிலை கிள்ளியவர்கள். சிங்கம்பட்டி ஜமீன் 1929-இல் 99 வருஷக் குத்தகைக்குக் கொடுத்த 8,373 ஏக்கர் அது. கூலி உயர்வு கேட்டு 1999 ஜூலை 23-இல் திருநெல்வேலியில் ஊர்வலம் வந்தபோது, போலீஸ் தடியடிக்குத் தப்பி ஓடிய 17 பேர் தாமிரவருணியில் மாண்டது இவர்களுடைய சரித்திரம். 2024-இல் கம்பெனி தோட்டத்தை மூடியது. தோட்டத்தை அரசே ஏற்று நடத்த வேண்டும் என்ற கோரிக்கையை அந்த ஆண்டு டிசம்பரில் உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. மறுவாழ்வுக்கு ஏற்பாடு செய்யச் சொன்னது. அகத்திய மலை வட்டாரம் முழுவதையும் ஆராய்ந்து அறிக்கை தர 2025-இல் உச்ச நீதிமன்றமும் ஒரு குழுவைப் பணித்தது.

தேயிலையைக் கவாத்து செய்யாமல் விட்டால் அது மரமாக வளர்ந்துவிடும். இடைவெளியில் உண்ணிச்செடி புகுந்துவிடும். காடு தானாகத் திரும்பும் என்று காத்திருந்தால் பேரன் காலம் ஆகும். நாற்று வளர்த்து, களை பிடுங்கி, வெடிப்பலாவையும் நாங்கையும் நட வேண்டும். அந்தச் சரிவின் ஒவ்வொரு மேடு பள்ளமும் தெரிந்த கைகள் இன்று மலையடிவாரத்தில் வேலை தேடிக் கொண்டிருக்கின்றன. அவர்களை இறக்கிவிட்டு, நாளைக்கு அதே பங்களாக்களில் பணக்காரர் தங்கும் விடுதி வந்தால், அப்போது புலியின் பெயரைச் சொன்னவர்கள் என்ன பதில் சொல்வார்கள்?

மலையில் சோலை இருக்கிற வரையில்தான் மாரியில் பெய்த மழையைத் தேக்கி வைத்துக் கோடையிலும் கசிய விடும். கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகளும் அந்தக் கசிவை நம்பியே இருக்கின்றன. ஆகவே தூத்துக்குடி ஜில்லாவின் கடைமடை விவசாயிக்கும் இந்த விவகாரத்தில் ஒரு வாக்கு உண்டு. மாஞ்சோலைக் குத்தகையின் 99 வருஷமும் 2028 பிப்ரவரியில் முடிகிறது. வாசலில் யாரை நிறுத்துவது, எந்தச் சரிவில் என்ன நடுவது, அகத்தியர் கூடத்துக்கு நெல்லையிலிருந்து வழி உண்டா இல்லையா என்பதை அதற்குள் சென்னையில் தீர்மானித்தாக வேண்டும்.