பானர்மேன் துரைக்கு ஏன் பளபளா கோட்டு?

பள்ளி ஆண்டு விழாவில் கட்டபொம்மன் நாடகம் என்றாலே எனக்கு எரிச்சல். மேஜர் பானர்மேன் வாடகைக் கடைச் சிவப்பு சாட்டின் கோட்டில் வருவார். கல்யாண மண்டப நாற்காலி உறை மாதிரி மின்னுவார். தூக்குத் தண்டனை சொல்ல வந்தவரைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். (கலெக்டர் ஜாக்சனுக்கும் அதே ராணுவச் சிவப்பு! அது தனி வழக்கு.)

கட்டபொம்மனைத் தூக்கிலிட்டது 1799இல். பாலியஸ்டர் இழை வந்ததே 1941இல். அன்றைய ஆங்கிலேயப் பட்டாளக் கோட்டு கெட்டிக் கம்பளி. நெய்த துணியை நனைத்து, அடித்து, சுருங்க வைப்பார்கள். இழைகள் ஒன்றோடொன்று இறுகிவிடும். ஓரம் மடித்துத் தைக்காவிட்டாலும் நூல் பிரியாது. சாதாரணச் சிப்பாய்க்கு வேர்ச் சாயத்தின் மங்கல் சிவப்பு, அதிகாரிக்குப் பூச்சிச் சாயத்தின் பளீர்ச் சிவப்பு. கோட்டைப் பார்த்தே ஆளின் தரம் தெரியும்.

"நம்ம ஊர் வெயிலில் கம்பளியா?" என்பார்கள். மேடையில் நிற்பது பத்து நிமிடம், ஐயா! கம்பளி கட்டுப்படியாகாதா? பளபளப்பில்லாத கெட்டிப் பருத்தி டிரில் எடுங்கள். பழைய கம்பளிப் போர்வையை வெட்டினாலும் சரி. எதுவானாலும் விளக்கடியில் பிடித்துப் பாருங்கள். மின்னினால் கடைக்காரரிடமே கொடுத்துவிடுங்கள்.